நான் எங்கடா உக்கார்றது?

தமிழில் 'உட்காருதல்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. நாற்காலியில் நாம் உட்காருகிறோம். தையல்காரர் கொடுத்த சட்டை தோளில் உட்காருகிறது. சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கே நாள் முழுக்க காதில் விழுவது இந்த இரண்டாவது உட்காருதல்தான். கொலுசு வாங்க வருகிறவர்கள் முதலில் சலங்கையைப் பார்ப்பார்கள், அப்புறம் எடை, அப்புறம் திருகாணி. அப்பா மட்டும், அது காலில் உட்காருகிறதா என்று பார்ப்பார். கணுக்கால் எலும்பின் மேல் ஏறி நின்றால் நடக்கும்போது குத்தும். கொஞ்சம் இறங்கிவிட்டால் செருப்பு வாரில் மாட்டும். போட்டுவிட்டு நாலடி நடந்து காட்டச் சொல்லாமல் அவர் பில் போட மாட்டார். அவருடைய புல்லட்டை நான் 'சரி' செய்தபோது இது எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதுதான் போன வருஷத்திலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என்னிடம் இருப்பவை மூன்று வண்டிகள். 1976ஆம் வருஷத்து புல்லட் 350, அப்பா 1984இல் இரண்டாம் கையாக வாங்கியது. 1969 ஜாவா, ஆத்தூர் பக்கம் ஒரு வாத்தியார் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு போர்த்தி நின்றதை 2012இல் எடுத்துவந்தேன். மூன்றாவது கல்லூரி முடித்த கையோடு நானே சம்பாதித்து வாங்கிய ஆர்எக்ஸ் 100. மூன்றையும் ஓட்டுகிறேன். மழைக்காலம் தவிர ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு முறையாவது கோரிமேடு வரைக்கும் போய் வந்துவிடும்.

பழைய வண்டிகள் பலவற்றை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், சிரமம் ஸ்பேர் பார்ட்ஸில் மட்டும் இல்லை. நம் உடம்பை ஒவ்வொரு வண்டிக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஜாவாவிலும் ஆர்எக்ஸிலும் அது அப்படியே தலைகீழ். புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஜாவாவை ஒரு வாரம் தொடர்ந்து ஓட்டிவிட்டு ஒருநாள் புல்லட்டை எடுத்தேன். ஐந்து ரோடு தாண்டியதும் முன்னால் போன மினி பஸ் திடீரென்று நின்றது. வலது காலை அழுத்தினேன். வண்டி நிற்பதற்குப் பதில் அடுத்த கியருக்குப் போனது. கை பிரேக் காப்பாற்றியது, பஸ்ஸின் பம்பருக்கும் என் முன் டயருக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும். அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் கிக்கரை உதைப்பதற்கு முன் கண்ணை மூடி உட்கார்ந்து நாலு லீவரையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். ஒரு நிமிஷ வேலை. உடம்புக்கு இது எந்த வண்டி என்று சொல்லிவிட வேண்டும்.

அதேபோல் அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன், கொலுசு ஆர்டர் எழுதுகிற அதே நீள நோட்டு. சீட்டிலிருந்து புட்ரெஸ்ட் எவ்வளவு, சீட்டின் நடுவிலிருந்து ஹேண்டில் பிடி எவ்வளவு, தரையிலிருந்து சீட் எவ்வளவு. நான் ஐந்தடி பத்து அங்குலம், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆர்எக்ஸ் என்னை இருபது வயதுக்காரனாக நினைத்துக்கொண்டிருக்கிறது. 98 சிசி, நூறு கிலோவை ஒட்டிய எடை, கையால் தூக்கித் திருப்பிவிடலாம் போன்ற வண்டி. ஆனால் முட்டி மடிந்து டேங்குக்கு மேலே வந்துவிடுகிறது. பத்து கிலோமீட்டர் தாண்டினால் இறங்கி நின்று காலை நீட்ட வேண்டும். இப்போது என் பையன்தான் அதிகம் ஓட்டுகிறான். அவனுக்கு அது அளந்து செய்தது போல் உட்காருகிறது.

ஜாவா வேறு மாதிரி. 16 அங்குலச் சக்கரம், வண்டியே தாழ்ந்து நிற்கும். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும். ஹேண்டில் தானாகவே கைக்கு வரும். அரக்கு நிற டேங்கின் பக்கவாட்டில் குரோம், அதைச் சுற்றித் தங்கக் கோடு, ஹெட்லைட் கூட்டுக்குள்ளேயே ஸ்பீடாமீட்டர், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கியர் லீவரையே திருப்பிவிட்டால் அதுதான் கிக்கர். செயின் முழுக்க மூடிய கூட்டுக்குள் ஓடும், பேன்ட்டில் கறை ஒட்டாது. மைசூர் ஐடியல் ஜாவாவில் 1961இல் தொடங்கிய தயாரிப்பு, 1973இல் பெயர் யெஸ்டி ஆகி, 1996இல் ஆலையே மூடிவிட்டது. பார்க்கவும் உட்காரவும் ஒன்றாகவே யோசித்துச் செய்த வண்டி என்று எனக்குத் தோன்றும். அதில் ஒரு திருகுகூட நான் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். ஆனால் ஏற்காட்டு மலைக்கு அதை எடுக்கப் பயம். ஏறுவதில் இல்லை, இறங்குவதில். ஜாவா டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் என்ஜினுக்குப் போகும் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஆக்சிலேட்டரை மூடியபடி கியரில் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் போய்ச் சேரும். பிஸ்டன் பிடித்துக்கொள்ள அது போதும். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிற 'என்ஜின் பிரேக்'கும் பெரிதாகக் கிடைக்காது, எல்லா பாரமும் டிரம் பிரேக்கின் தலையில். அதனால் இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி ஆயில் கொடுத்துக்கொண்டே வர வேண்டும், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி டிரம் ஆற விட வேண்டும். மலைக்கென்று இருந்தது எப்போதும் புல்லட்தான்.

கழற்றிப் போட்டவை

அப்பா 2009இல் போனார். அதன்பிறகு வண்டி ஒன்பது வருஷம் பட்டறைக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் நின்றது. 2018இல் சேலத்திலேயே குகை என்கிற ஏரியாவில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அப்பா காலத்திலிருந்தே அவர்தான் அதற்கு வைத்தியர். என்ஜினை அவர் பிரித்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய் வரும் தூரம், 90 மில்லிமீட்டர், 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு. அந்த நீள ஸ்ட்ரோக்கால்தான் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கிறது. அதனால்தான் இரண்டாவது கியரிலேயே வளைவு வளைவாக முனகிக்கொண்டு ஏறிவிடுகிறது. அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மற்ற வேலைகள் நான் சொல்லி நடந்தவை. என் மனதில் ஒரு படம் இருந்தது. கரும்பச்சை டேங்க், கையால் இழுத்த தங்கக் கோடு, தட்டையான சின்ன ஹேண்டில், சுருள் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், அதற்குப் பின்னால் வெறும் மட்கார்டு வளைந்து இறங்க வேண்டும். அந்த வளைவு எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்பா அந்த வண்டியில் சேர்த்திருந்தவை எல்லாம் அந்தப் படத்துக்குக் குறுக்கே நின்றன. உயர்த்திய ஹேண்டில், அம்மாப்பேட்டை குஷன் கடையில் தைத்த அகலமான நீள சீட், சீட்டின் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், செயின் பக்கம் சேலை சிக்காமல் இருக்க இரும்புக் கம்பி கார்டு, அதன் கீழே இரண்டு பாதமும் சேர்ந்து வைக்கிற அளவுக்கு ஒரு பலகை. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். அண்ணன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இதெல்லாம் கழட்டணுமா தம்பி?"

"ஆமாங்கண்ணே. வண்டி பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வேணும்."

வண்டி அப்படி வந்தது. யார் பார்த்தாலும் நின்று பார்த்தார்கள். நானும் தினம் காலையில் காபித் தம்ளரோடு போய்ப் பார்ப்பேன். ஆனால் முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் மணிக்கட்டு மரத்துவிடும், இடுப்புக்குக் கீழே சுரீர் என்று இழுக்கும். வயது என்று நினைத்தேன். அப்புறம்தான் நோட்டை எடுத்து அளந்தேன். ஸ்பிரிங் சீட் என் எடைக்கு அமுங்கும்போது பழைய சீட்டைவிட இரண்டு அங்குலம் கீழே போகிறது, உட்காரும் இடமும் ஒரு அங்குலம் பின்னால். ஹேண்டிலோ முன்பைவிடத் தாழ்வு, முன்பைவிடத் தூரம். ஆக முட்டி கூடுதலாக மடிகிறது, முதுகு வளைந்து கை நீளுகிறது, மேலுடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்குகிறது. பெரிய ஒற்றை சிலிண்டரின் அதிர்வு அந்த உள்ளங்கை வழியாகத்தான் ஏறும். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே உயரம். அந்த ஹேண்டிலை உயர்த்தினார் என்றால் அவருக்கும் மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும். இது தெரிந்த பிறகும் நான் எதையும் மாற்றவில்லை. வலியோடு ஓட்டினேன், அழகுக்காக. ஏழு வருஷம்.

ஒன்பதாவது வளைவு

போன வருஷம் மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா. ஏற்காட்டு மலையின் உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயனும் காவேரியம்மனும் அம்மாவுக்கு மிக நெருக்கம். அப்பா இருந்தவரை வருஷம் தவறாமல் புல்லட்டில் போய் வந்தார்கள். அவர் போன பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அன்று காலை ஆறு மணிக்குக் குளித்து, பச்சைக் கண்டாங்கி கட்டி, கூடையில் தேங்காய் பழத்தோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"கண்ணு, வண்டியை எடு. உங்கப்பா போன மாதிரியே போயிட்டு வந்துரலாம்."

நான் சந்தோஷமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் ஸ்டாண்ட் போட்டேன். காலை வெயிலில் தங்கக் கோடு மின்னியது. அம்மா ஒரு சுற்று சுற்றி வந்தார். கை வழக்கம்போல் பின்னால் குழாயைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று மட்கார்டு மட்டும்.

"நான் எங்கடா உக்கார்றது?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே இடம் தெரியாமல் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வண்டியை ஏழு வருஷமாகத் தினம் பார்த்தவன் நான். அதில் ஓர் ஆளுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது என்பதை அந்த நிமிஷம்தான் பார்த்தேன்.

காரில் போனோம். அடிவாரம் தாண்டி மூங்கில் தோப்புகள் வந்ததும் அம்மா பேச்சைக் குறைத்தார். ஐந்தாவது வளைவில் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏழாவதில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டும்போதே வாந்தி வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து மைல் கல்லின் மேல் உட்கார வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "எனக்கு மலை ஏறினா பஸ்ஸும் ஆகாது காரும் ஆகாது. கல்யாணமான புதுசுல ரெண்டு வாட்டி பஸ்ல கூட்டிட்டு வந்தாரு, ரெண்டு வாட்டியும் இதே கூத்து. அப்புறந்தான் வண்டி வாங்கினதும் அந்தச் சீட்டைத் தச்சாரு. மொகத்துல காத்துப் பட்டா, ரோடு கண்ணுக்குத் தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் பண்ணாது."

எனக்கு இது தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்த சீட். நான் அதை அழகு தெரியாத காலத்து ரசனை என்று நினைத்திருந்தேன். கொலுசுக்குக் காலை அளந்தவர், வண்டிக்கும் ஆளை அளந்துதான் செய்திருக்கிறார். அதுவும் தனக்கு மட்டும் அளக்கவில்லை.

திரும்ப மாட்டுவது

அடுத்த நாளே குகை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. பரணில் ஏறி ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். ஹேண்டில், குழாய், கம்பி கார்டு, பலகை, எல்லாம் ஆயில் துணியில் சுற்றி இருந்தன. "உங்கப்பா நின்னு செய்ய வெச்சது தம்பி, இரும்புக் கடைக்குப் போட மனசு வரல" என்றார். சீட்டின் ரெக்சினும் மெத்தையும் மக்கிப் போயிருந்தன, அடித் தகடு மட்டும் மிச்சம். அது போதும். அளவு எல்லாம் தகட்டில்தான் இருக்கிறது.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் உண்மையான அக்கறையோடு தடுத்தார்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. இருபதாயிரம் ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு 'விஏ' எழுத்தோடு எண் கிடைக்கும். என் புல்லட்டுக்கு ஐம்பது ஆகப்போகிற நேரத்தில் ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டார்கள். விதியை நான் படித்துப் பார்த்தேன். சேசிஸ், பாடி, என்ஜின் மாறக்கூடாது என்பதுதான் அதில் இருக்கிறது, சீட்டைப் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் அந்தப் பதிவு வாங்கிவிட்டால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று போகலாமே தவிர வழக்கமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கோரிமேடு போகிற வண்டிக்கு, மே மாதம் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டிய வண்டிக்கு, அந்தக் கௌரவம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வண்டியை அப்படியே காப்பாற்றுகிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஜாவா விஷயத்தில் நானும் அவர்களில் ஒருவன்தான். அவர்களுக்காக ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தேன்: எங்கேயும் வெல்டிங் கிடையாது, எதையும் அறுப்பது கிடையாது. எல்லாம் போல்ட்டில் மாட்டி போல்ட்டில் கழற்றுவது. ஸ்பிரிங் சீட்டும் தட்டை ஹேண்டிலும் இப்போது அதே ஆயில் துணியில் அதே பரணில் இருக்கின்றன.

குஷன் கடைக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். கடைக்காரத் தம்பி முதலில் நல்ல மெத்தென்று பஞ்சு ஷீட் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இவ்வளவு மெத்துனு வேண்டாம்ப்பா. அந்தப் பழைய சீட்டு கெட்டியா இருக்கும்." அவர் சொன்னதுதான் சரி. ரொம்ப மெத்தென்ற சீட் கடையில் சுகமாக இருக்கும், பதினைந்து நிமிஷத்தில் அமுங்கித் தகடு தட்ட ஆரம்பித்துவிடும். உட்கார்ந்தவர் நெளிந்துகொண்டே வர வேண்டும். கெட்டியான சீட்தான் பாரத்தைப் பரவலாகத் தாங்கும். அடியில் ரப்பர் சேர்த்த தேங்காய் நார், மேலே அரை அங்குலம் பஞ்சு, ஓரம் கொஞ்சம் சதுரமாக. மூன்றாவது தடவை உட்கார்ந்து பார்த்ததும் இறங்காமலே "இதை வெச்சு தையி" என்றார்.

வண்டியின் அழகு குறைந்திருக்கிறது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மட்கார்டின் வளைவு இப்போது சீட்டுக்கு அடியில் போய்விட்டது. காபித் தம்ளரோடு பார்க்கும்போது கண் அதைத் தேடத்தான் செய்கிறது. மணிக்கட்டு வலிப்பதில்லை.

இந்த மே மாதம் ஏறினோம். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. ஹெல்மெட் கனமாக இருக்கிறது என்று இரண்டு கடை ஏறி எடை குறைவாகத் தேடி வாங்கினேன். சேலை கட்டியவர் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். அப்போது பாரம் இடது பக்கம் இழுக்கும், பலகையும் அந்தப் பக்கம் தாழ்ந்து தொங்கும். இடது வளைவுகளில் வண்டியைச் சாய்க்கவே கூடாது, முன்கூட்டியே வேகத்தைக் கொன்று நிமிர்ந்தபடி திருப்ப வேண்டும். இரண்டாவது கியரில், சில இடங்களில் முதல் கியருக்கே இறங்கி, யாரையும் முந்தாமல் ஏறினேன். காபித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் வந்து காற்று குளிர்ந்ததும் பின்னாலிருந்து அம்மா தோளைத் தட்டினார். பதினோராவது வளைவு. அப்பா என்ஜின் ஆறுவதற்கு நிறுத்துகிற இடமாம். நிறுத்தினேன். அம்மா இறங்கி, கீழே தெரிந்த சேலத்தைப் பார்த்தபடி கூடையிலிருந்து ஒரு தட்டுவடை செட் எடுத்துக் கொடுத்தார். அவரும் ஒன்று சாப்பிட்டார். சூடான சிலிண்டர் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

மறுபடி கிளம்பும்போது நான் வண்டியை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். அம்மா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே குனிந்து பார்க்கவே இல்லை. கால் தானாகப் போய்ப் பலகையில் பதிந்தது, கை குழாயைப் பிடித்தது, உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திரும்பி வந்ததும் பலகையின் அடியில் பார்த்தேன். ஏதோ ஒரு இடது வளைவில் ரோட்டில் லேசாக உரசியிருக்கிறது. அரை அங்குலம் ஏற்றி மாட்டச் சொல்லி அண்ணனிடம் வண்டியை விட்டிருக்கிறேன்.